அவள் குரல் இருந்த வீடியோக்கள்

அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னபோது வெள்ளிக்கிழமை மதியம். திருநெல்வேலியிலிருந்து தென்காசி திரும்பும் பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். குரல்வளையில் புற்று. குரல்வளையையே எடுத்தாக வேண்டும். கருவி வைத்துப் பேசப் பழகலாம், ஆனால் அது அவள் குரலாக இருக்காது. ஏற்கெனவே நான்கு மாதமாக அவள் பேச்சு கரகரத்து, வெறும் காற்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

பழைய குரல் போன் வீடியோக்களில் இருந்தது. எங்கள் வீட்டில் படம் பிடிப்பவள் அவள்தான். அதனால் எதிலும் அவள் முகம் கிடையாது. குற்றாலம் ஐந்தருவியில் நானும் மகளும் நனைந்து நடுங்கிக்கொண்டு நிற்போம். போனுக்குப் பின்னாலிருந்து அவள் சிரிப்பாள். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்திகளுக்கு நடுவே மகள் நிற்பாள்; “ஏட்டி, செடிய மிதிச்சிராத, தோட்டக்காரரு பாத்துட்டு நிக்காரு” என்று குரல் மட்டும் கேட்கும். அந்த மகள் இப்போது மஸ்கட்டில் எட்டு மாதக் கர்ப்பிணி. விமானம் ஏற முடியாது. அவளுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் அந்தக் குரலை ஒரே வீடியோவாகச் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. எனக்குச் செய்ய வேறு எதுவும் இருக்கவில்லை.

கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது பில் அடிப்பதும் மெயில் பார்ப்பதும்தான். தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, புதியவர்களுக்கான பாட வீடியோக்களைப் பார்த்து, இலவச எடிட்டிங் சாப்ட்வேர் ஒன்றை இறக்கினேன். போனைக் கேபிளில் இணைத்து, நாற்பத்தோரு வீடியோக்களையும் கட் செய்து கம்ப்யூட்டரில் ஒட்டினேன்; போனில் ஒன்றும் மிஞ்சவில்லை. காப்பி செய்யாமல் ஏன் கட் செய்தேன்? போனில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

சனி, ஞாயிறு முழுக்க ஹெட்போனோடு இருந்தேன். கிளிப்பை டைம்லைனில் இழுத்துப் போடவும், வேண்டாததை வெட்டவும் பழகினேன். ஐந்தருவிக் கிளிப்பில் தண்ணீர் இரைச்சல் அவள் பேச்சை மூடியிருந்தது. இரைச்சலைக் குறைத்தால் அவள் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல வந்தது. பழையபடியே விட்டேன்.

“என்ன செய்யுதிய?” என்று மனைவி அறை வாசலில் நின்று கேட்டாள்.

“ஆபீஸ் வேலை.”

திங்கள் காலை பதினோரு நிமிட வீடியோ தயார். அதை ஒரே கோப்பாக மாற்றும்போது டிஸ்கில் இடம் போதவில்லை என்று வந்தது. வீடியோக்கள்தான் சாப்ட்வேருக்குள் வந்துவிட்டனவே என்று நினைத்து, அவற்றை வைத்திருந்த ஃபோல்டரை ஷிப்டை அழுத்தி நிரந்தரமாக அழித்தேன். சாப்ட்வேர் அவை இருக்கும் இடத்தை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தால் டைம்லைன் முழுக்கச் சிவப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் கோப்பு இல்லை என்ற ஒரே வரி. பிளே பொத்தானை எத்தனை முறை அழுத்தினேன் என்று தெரியாது. ஒரு சத்தமும் வரவில்லை.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த ரிப்பேர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் இரண்டு மணி நேரம் முயன்றார். கோப்புகளின் பெயர்கள் வந்தன. எதுவும் ஓடவில்லை.

“பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க்னா ஏதாவது கிடைக்கும் அண்ணாச்சி. இது எஸ்எஸ்டி. அழிச்சா அழிச்சதுதான். கல்யாண வீடியோவா?”

இல்லை என்று தலையாட்டினேன். கடை வாசலிலேயே நின்று போனை எடுத்தேன்.

மகளைக் கூப்பிட்டு, அம்மா அனுப்பிய வீடியோ ஏதும் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். அவளிடம் ஏழுதான் இருந்தன. ஐந்தருவி அதில் இல்லை.

செவ்வாய் மாலை மனைவியிடம் சொல்லிவிட்டேன். கட்டிலில் எதிரே உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

“அதுல நான் என்னதான் பேசினேன்?” என்றாள்.

இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பக் கேட்டதில் எனக்கு எல்லாம் மனப்பாடமாக இருந்தது. சூரியகாந்தித் தோட்டத்தில் சொன்னது, பழைய குற்றாலத்தில் குரங்கு பஜ்ஜியைப் பிடுங்கியபோது கத்தியது, மகள் முதல்முதலாகச் சேலை கட்டியபோது “மடிப்ப சரியா எடு” என்றது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாதியில் அவள் சிரித்தாள். அது இருமலாக மாறி நெடுநேரம் நிற்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

“இவ்வளவு வெரட்டிக்கிட்டா இருந்திருக்கேன்?” என்றாள். பிறகு, “போன எடுங்க” என்றாள்.

இந்தக் கரகரத்த குரலை யாரும் பதியக்கூடாது என்று நான்கு மாதமாக மகளின் வாய்ஸ் மெசேஜுக்குக்கூட எழுத்தில்தான் பதில் போட்டு வந்தவள் அவள். நான் வீடியோ எடுக்க, போனைப் பார்த்து மகளிடம் பேசுவதுபோலப் பேசினாள். பிள்ளை பிறந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்ற அவசரப்படாதே என்றாள், நேரத்துக்குச் சாப்பிடு என்றாள். மூன்று நிமிடத்தில் தொண்டை அடைத்துப்போய்க் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

புதன் காலை அதையும் மகள் அனுப்பிய ஏழு கிளிப்புகளையும் சேர்த்தேன். மகளுக்கு அனுப்பிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள் மகள் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன். “அந்த வீடியோவ ஒரு நிமிஷத்துக்கு மேல பாக்க முடியலப்பா. மூடி வச்சிட்டேன்” என்று சொல்லி அழுதாள். மனைவி கழுத்துக் கட்டோடு நோட்டை இழுத்து எழுதினாள்: “பிள்ள பொறக்கட்டும். அப்புறம் பாக்கச் சொல்லுங்க.” நான் வாசித்துச் சொன்னேன். அம்மாவின் வார்த்தையை என் குரலில் கேட்டதும் மகள் இன்னும் அழுதாள். மனைவி என் கையிலிருந்து போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள்.