பத்துக்கு எட்டு

இந்த ஞாயிறு எங்கள் மேனேஜர் கோல்ஃப் ஆடப் போகிறார். கூட ஆட ஆள் தேடுகிறார். புல்தரை ஓரத்திலிருந்து பந்தை லேசாகத் தூக்கிக் குழிக்குப் பக்கத்தில் போடும் 'சிப்பிங்' நன்றாகத் தெரிந்திருக்க வேண்டுமாம்.

அதற்காக ஒரு மாதமாக வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் பக்கெட்டை வைத்துப் பழகுகிறேன். எடை இடது காலில், மணிக்கட்டு ஆடக்கூடாது. வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள்.

இன்று காலை ஆபீஸ் குரூப்பில் போட்டேன்: "பத்துக்கு எட்டு, பக்கெட்டுக்குள்ளே!"

கம்பெனி பஸ்ஸில், பிச்சாட்டூரில் ஏறிய முனிரத்தினம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எட்டா?"

"எட்டு."

"சரி. ஞாயித்துக்கெழம நாங்க காணிப்பாக்கம் போறோம். நீயும் வா. கொளத்துல முழுகிட்டு சாமி முன்னால பிரமாணம் பண்ணிடு."

பொய்ச் சத்தியம் செய்தவனைக் காணிப்பாக்கம் பிள்ளையார் சும்மா விடமாட்டாராம்; அங்கே போய்ப் பொய் சொல்ல எங்கள் பக்கத்தில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது.

நாகலாபுரம் வருவதற்குள் எட்டு ஆறாகிவிட்டது. சத்தியவேட்டில் மூன்று. கம்பெனி கேட்டில் இறங்கும்போது சொல்லிவிட்டேன்.

"ஒண்ணுதான்டா. அதுவும் பக்கத்து வூட்டு சுவத்துல பட்டு உள்ள வுழுந்துச்சு."

"கொளத்தையே இன்னும் பாக்கல, அதுக்குள்ள ஏழு கரைஞ்சி போச்சே!" என்று சிரித்துக்கொண்டே போனான்.

உள்ளே போனால் மேனேஜர் கை குலுக்குகிறார். "எட்டா! ஞாயிறு நீங்கதான் என் ஜோடி."

காணிப்பாக்கம் வண்டியில் எனக்கும் ஒரு சீட் சொல்லியிருக்கிறேன். திடீரென்று சாமி கூப்பிட்டார் என்றால் மேனேஜர் நம்புவார்தானே?