துரைசானி வைத்துக்கொண்ட தட்டு

அரசாங்க ஊழியர் தன் மேலதிகாரிக்குப் பழம் கொடுக்கலாம், பூ கொடுக்கலாம். வேறெதையும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அவர் வாங்கவும் கூடாது. வெள்ளைக்காரர் காலத்து விதி இது. பிற்காலத்தில் அப்பா வேலை பார்த்த வருவாய் இலாகாவிலேயே நானும் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை இந்த விதியைப் பலருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பழத்தை எதில் வைத்துக் கொடுப்பது என்று விதியில் எங்கும் ஒரு வரி கிடையாது. விதி எழுதுகிறவர்கள் பாத்திரம் கழுவியதில்லை. எங்கள் குடும்பம் ஒரு மார்கழியில் நிம்மதி இழந்து தவித்ததற்கு அந்த ஒரு வரி இல்லாததுதான் காரணம்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சற்று முந்தைய காலம். அப்பா சேலத்தில் ஒரு துரையின் கச்சேரியில் ஹெட் கிளார்க்காக இருந்தார். கிறிஸ்துமஸ் அன்று காலையில் கச்சேரிச் சிப்பந்திகள் எல்லோரும் துரையின் பங்களாவுக்குப் போய்த் தட்டு வைப்பார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. உத்தியோக வரிசைப்படி நிற்க வேண்டும். பழமும் மாலையும் வைத்த தட்டை நீட்ட வேண்டும். துரை தட்டை ஒரு விரலால் தொட்டு, ஒரு எலுமிச்சம்பழத்தை மட்டும் எடுத்துக்கொள்வார். பட்லர் தட்டை வாங்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்ப் பழத்தைக் கொட்டிக்கொண்டு, பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். சாமியும் கும்பிட்டாயிற்று, தேங்காயும் உடைத்தாயிற்று என்பதுபோல எல்லோரும் வீடு திரும்புவார்கள்.

அப்பா வழக்கமாக ஒரு மூங்கில் கூடையில்தான் கொண்டுபோவார். முந்தின வருஷம் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த இரண்டாம் கிளார்க் பளபளவென்று ஒரு பித்தளைத் தட்டோடு வந்து நின்றார். அப்பாவின் கூடையைப் பட்லர் கத்தரிக்காய்க் கூடைகளோடு சேர்த்து வைத்துவிட்டார். அந்தக் காட்சி அப்பாவின் மனத்தில் வருஷம் முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது துரையும் புதிது. சீமையிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவர் மனைவியான துரைசானி அவருக்கும் பிறகு வந்தவள். புதுத் துரையின் முதல் கிறிஸ்துமஸில் கத்தரிக்காயோடு சேர அப்பாவுக்கு மனமில்லை.

அந்தச் சமயம் எங்கள் வீட்டில் ஒரு வெள்ளித் தட்டு இருந்தது. எங்களுடையது அல்ல, அத்தையுடையது. அப்பாவின் அக்காளான அவள் நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் விளையும் பெரிய பண்ணையத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மகளுக்குத் தை மாதத்தில் நிச்சயம். செவ்வாய்ப்பேட்டை ஆசாரியிடம் கொடுத்து மெருகு போட்டு வைக்கும்படி தட்டை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தாள். அத்தையின் நிச்சயத்துக்கு வெற்றிலை பாக்கு மாற்றிய தட்டு அது. அவள் மாமியாரின் நிச்சயத்துக்கும் அதுதான். அந்த வீட்டுப் பெண்கள் மனிதர்களைவிட அந்தத் தட்டை நம்பினார்கள்.

மெருகு போட்டு வந்த தட்டில் முகம் பார்த்துக்கொண்டே அப்பா சொன்னார், "இதுலயே வெச்சுக் கொண்டுபோயிரலாம்."

"ஆகாதுங்க. அது நங்கையோட தட்டு" என்றாள் அம்மா. புருஷனின் அக்காளை நங்கை என்று அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"தட்ட ஆரு வெச்சுக்கப் போறாங்க? தொட்டுக் குடுத்துருவாரு. மத்தியானம் தட்டு ஊட்டுக்கு வந்துரும்."

"வராமப் போச்சுன்னா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குதல்ல" என்றார் அப்பா. முறை என்ற சொல்லை அவர் உச்சரிக்கும்போது அதற்கு மேல் கோர்ட்டு கிடையாது.

நானும் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு கூடப் போனேன். கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போகிற சாலையில், மலை நன்றாகத் தெரிகிற இடத்தில் பங்களா இருந்தது. அப்பா நீட்டிய தட்டைத் துரை ஒரு விரலால் சரியாகவே தொட்டார். அதுவரை முறை நன்றாகவே நடந்தது. அருகில் நின்ற துரைசானிதான் முகமெல்லாம் சிரிப்பாகத் தட்டை இரண்டு கைகளாலும் வாங்கி, பழத்தைப் பட்லரிடம் கொடுத்துவிட்டு, தட்டை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் தட்டு இல்லை. கம்பளி நூலில் பின்னிய ஒரு ஜோடிக் கையுறை இருந்தது. அதை என் கையில் மாட்டிவிட்டாள். அவள் தாயார் சீமையிலிருந்து அனுப்பியதாம். சேலத்து வெயிலில் என் பத்து விரல்களும் வேர்த்து நமைச்சலெடுத்தன. கழற்றினால் மரியாதை இல்லை என்று அப்பா கண்ணால் எச்சரித்தார்.

பின்கட்டில் மற்றவர்களின் கூடைகளும் தாம்பாளங்களும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எங்கள் தட்டு வரவில்லை. எல்லோரும் போன பிறகும் அப்பா செருப்பைத் தேடுவதுபோல நின்றுகொண்டிருந்தார். செருப்பு காலில்தான் இருந்தது. பட்லர் வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்: "அம்மா உள்ள வெச்சிட்டாங்க சார். அவங்களுக்குத்தான்னு நெனச்சிட்டாங்க."

அன்று மத்தியானச் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வழிகளை யோசித்தார். நேரில் கேட்பது துரையை அவமதிப்பதாகும். எழுத்தில் கேட்டால் காகிதம் ஒன்று உருவாகும். காகிதம் உருவானால் அதற்கு நம்பர் விழும். நம்பர் விழுந்த காகிதம் சாகாது. ஹெட் கிளார்க் துரைக்கு வெள்ளித் தட்டு கொடுத்தார் என்று அந்தக் காகிதமே சாட்சி சொல்லும். கேட்காமலே இருந்தாலும் இரண்டாம் கிளார்க்கின் கண்ணில் அது படாமல் போயிருக்காது. ஒரு மொட்டைப் பெட்டிஷன் போதும், அப்பாவின் வேலை போய்விடும். ஆகக் கேட்டாலும் ஆபத்து, கேட்காவிட்டாலும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் தை மாதம் வந்துகொண்டிருந்தது.

அடுத்த சில நாட்கள் வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் அப்பா எழுந்து நின்றுவிடுவார். கச்சேரிச் சேவகன் துரையின் கடிதத்தோடு வருகிறானா, தட்டோடு வருகிறானா என்று அவருக்கு இரண்டு விதமாகவும் பயம். வந்தவன் பெரும்பாலும் தயிர்க்காரனாக இருந்தான். கச்சேரியில் டிபன் நேரத்தில் இரண்டாம் கிளார்க் கேட்டாராம்: "ஏனுங்க, அது வெள்ளியா, இல்ல வெள்ளி முலாமுங்களா? மொகமே தெரிஞ்சுதுங்களே." அப்பா அதை வீட்டில் வந்து சொன்னார். "கண்ணாடின்னு சொல்லிப்போட்டேன்" என்றார். ஒரு ஹெட் கிளார்க் இப்படி ஒரு பதிலைச் சொல்லியிருக்கிறார் என்றால் அவருடைய நிலைமையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த நிலையில் அத்தை வந்து இறங்கினாள். பொங்கலுக்குப் பிறகு வருவதாகச் சொன்னவள், சேலை எடுக்க முன்கூட்டியே வந்துவிட்டாள். வண்டியிலிருந்து ஒரு மூட்டை மஞ்சளும் ஒரு குடம் நெய்யும் இறங்கின. என்னைப் பார்த்து, "வா சாமி, எளைச்சுப் போயிட்டயே" என்றாள். பிறகு தண்ணீர்கூடக் குடிக்காமல் தட்டைக் கேட்டாள்.

"ஆசாரி இன்னும் குடுக்கலீங்க, நங்கை" என்றாள் அம்மா.

"இத்தன நாளா? தட்ட உருக்கிப் புதுசா அடிக்கறானாமா?"

"அவனுக்குக் காய்ச்சலுங்களாம்."

"கெடக்குது போ. நாளைக்குச் சேலைக்கடைக்குப் போறப்ப நானே போயி வாங்கிட்டு வாரேன்" என்றாள் அத்தை. அப்பா அந்த நேரம் பஞ்சாங்கத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அப்பா கச்சேரிக்குப் போனதும் அம்மா அத்தைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். எண்ணெய் தேய்த்துக்கொண்ட பெண்பிள்ளை குளித்துத் தலை காய்ந்து வெளியே கிளம்ப அரை நாள் ஆகும். அந்த அரை நாளை அம்மா சம்பாதித்துக்கொண்டாள். எங்கள் வீட்டுப் பெரிய பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்து, முதல் நாள் சுட்ட முறுக்கை அதில் அடுக்கி, என்னையும் இழுத்துக்கொண்டு ஜட்காவில் ஏறினாள். "கையில அதப் போட்டுக்க" என்றாள். கம்பளிக் கையுறையைத்தான் சொன்னாள். முந்தின நாள்தான் அதை வைத்துக் கொதிக்கிற பருப்புச் சட்டியை இறக்கியிருந்தாள். ஒரு விரலில் கரி ஒட்டியிருந்தது.

பங்களாவின் சமையற்கட்டு வாசலில் பட்லர் நின்றுகொண்டிருந்தார். அம்மா சுற்றி வளைக்கவில்லை. "ஏனுங்க, எங்க தட்டு ஒண்ணு இங்க நின்னுபோச்சுங்க. அது எங்களுதில்லீங்க. ஒரு புள்ளைக்கு நிச்சயம் பண்ற தட்டுங்க. இதக் கொண்டாந்திருக்கறேன், அதக் குடுத்துருங்க" என்றாள்.

அதற்குள் துரைசானியே வந்துவிட்டாள். பட்லர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நான் கையுறை மாட்டிய இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். அவள் குனிந்து என் கன்னத்தைத் தட்டினாள். முறுக்கை ஒன்று எடுத்துக் கடித்துப் பார்த்துப் பல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பித்தளைத் தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பொன்போல மின்னிய அது வெள்ளியைவிட அவளுக்குப் பிடித்துப்போயிற்று என்றே நினைக்கிறேன். தலையை ஆட்டிவிட்டு, முறுக்கோடு தட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆக மறுபடியும் விதி மீறப்பட்டது, பித்தளையில்.

பட்லர் வெள்ளித் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அம்மா கை நீட்டினாள். அவர் உடனே விடவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லணும், கோச்சுக்காதீங்க. கிறிஸ்துமஸ் ராத்திரி விருந்துல பெரிய ரோஸ்ட்ட இதுலதான் வெச்சு எடுத்துட்டுப் போனாங்க. நான் அப்பவே நெனச்சேன். அது ஆட்டுக் கறி இல்லம்மா."

ஆடு இல்லையென்றால் கோழி என்று நான் நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் கோழி அடிப்பதுண்டு; இதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று புரியவில்லை. வெள்ளைக்காரர் விருந்தில் மூன்றாவதாக ஒரு கறி உண்டு என்பதும், பொங்கலுக்கு அடுத்த நாள் கொம்புக்கு வர்ணம் பூசிக் கழுத்தில் மாலை போட்டு அத்தை வீட்டில் விழுந்து கும்பிடுவது அதைத்தான் என்பதும் எனக்கு எட்டவில்லை. அம்மாவின் கை மட்டும் தட்டின் மேல் அப்படியே நின்றது. அவள் பட்லரைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த கையுறைகளைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டு தட்டை வாங்கினாள்.

வீட்டுக்குப் போனதும் கொல்லைப்பக்கமாகவே நுழைந்தோம். அத்தை முன்கட்டில் தலையை ஆற்றிக்கொண்டிருந்தாள். அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து சாம்பல் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள், மஞ்சளைக் கரைத்து ஊற்றினாள், சாணியைக் கரைத்துக் கழுவினாள். வெந்நீர் அடுப்பின் தணலில் தட்டைக் காட்டினாள். பிறகு மறுபடியும் சாம்பலிலிருந்து தொடங்கினாள். கையுறைகளைத் தணலிலேயே போட்டுவிட்டாள். நான் அழுதேன், அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, உள்ளே போவதா வேண்டாமா என்று யோசிக்கிறவள் மாதிரி வெகுநேரம் கிணற்றடியிலேயே நின்றாள். சொன்னால் அத்தை மகளின் நிச்சயம் நின்றுபோகும். ஒரு பெண்ணின் நிச்சயம் நின்றால் காரணம் கேட்பார்கள். காரணம் அப்பாவிடம் வந்து முடியும், அங்கிருந்து கச்சேரிக்குப் போகும். இதெல்லாம் இப்போது எழுதும்போது எனக்குத் தெரிகிறது. அன்று ஈரத்தட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே போனதைத்தான் பார்த்தேன்.

அத்தை தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அட, காய்ச்சக்காரன் கைவேலை நல்லாத்தான் இருக்குது. எங்க மாமியா காலத்துலகூட இப்படி மின்னுல" என்றாள்.

சாயங்காலம் அப்பா வந்து தட்டைக் கண்டு சுவரைப் பிடித்துக்கொண்டார். அடுக்களையில் குரலைத் தாழ்த்தி, "எப்படி வந்துது?" என்றார்.

"கேட்டனுங்க, குடுத்தாங்க."

"கேட்டயா? நேராவேவா?" அவர் யோசித்த வழிகளில் எதிலும் அது இவ்வளவு சுலபமாக இருந்திருக்கவில்லை. அன்றிரவு அவர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

தையில் நாமகிரிப்பேட்டையில் நிச்சயம் நடந்தது. பந்தலுக்குக் கீழே இரண்டு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்து, வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். அத்தை மகள் அன்று சிரித்த சிரிப்புக்குக் குறைவில்லாமலே வாழ்ந்தாள். பேரன் பேத்தி எடுத்தாள். வெள்ளிக்கு என்ன தெரியும். அன்று பந்தலில் தட்டு உறவினர்களிடையே சுற்றி வந்தது. அப்பா வெற்றிலையைத் தாராளமாக எடுத்துச் சுண்ணாம்பு தடவி வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டு, அம்மாவின் காதருகே, "தட்டு ஊட்டுக்கு வந்துரும்னு நாஞ் சொன்னனா இல்லயா?" என்றார். அம்மா அவர் வாயையே பார்த்தாள்.

அவளிடமும் தட்டு வந்தது. வெற்றிலையை எடுத்தாள். வாயில் போடவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஏங் கண்ணு, நல்ல காரியத்துல வெத்தல போடாம இருக்கலாமா?" என்றாள் அத்தை.

"பல்லு வலிங்க, நங்கை."

பல் வலிக்கு என்ன வைத்தியம் என்று எனக்குத் தெரியும். யாரும் சொல்லாமலே அத்தையின் அடுக்களைக்கு ஓடினேன். அஞ்சறைப் பெட்டியிலிருந்து கிராம்பு ஒன்றை எடுத்துவந்து, எல்லோருக்கும் நடுவில் அம்மாவிடம் நீட்டினேன். "பாருங்க, தாயி மேல எத்தன பாசம்" என்று மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி சொன்னாள். அம்மா கிராம்பை வாங்கி, என்னைப் பார்த்தபடியே, ஒரு குறையும் இல்லாத பற்களால் நிதானமாகக் கடித்தாள். அவள் கண்ணில் நீர் திரண்டது. வலி அதிகமாகத்தான் இருக்கிறது என்று நினைத்து, இன்னொன்று எடுத்துவர நான் திரும்பவும் ஓடினேன்.