ரேணுகாவின் அடிமட்டம்

போன புதன்கிழமை ரேணுகாவின் ரிசல்ட் வந்தது. அதைச் சொல்வதற்கு முன், ரேணுகா யார் என்று சொல்லிவிடுகிறேன்.

ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. நான் தற்காலிகமாகப் படிப்பிக்கும் கேம்பஸில் மூன்றாம் வருஷம். புள்ளிவிபரவியலில் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. விட்டால் பட்டம் இல்லை.

"அனே அக்கா, எனக்கு இங்கிலிஷ் ஓடாது. நான் வீட்டுக்கே போறேன்" என்று சிங்களமும் தமிழும் கலந்து புலம்பினாள்.

எல்லோரும் சொல்வது அதைத்தான். இங்கிலிஷ்! ஆனால் யாராவது அளந்து பார்த்தார்களா?

நான் படித்தது தர மேம்பாடு. ஆளைத் திட்டாதே, வேலையை அள, ஒன்றை மாற்று, மறுபடி அள. அவ்வளவுதான். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் என் அம்மாவின் கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளி, முத்தல் இலை எத்தனை என்று பிரித்து எண்ணுவார்களே... கிட்டத்தட்ட அதேதான்.

பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தேன். மூன்று மணி நேரம், ஐந்து கேள்வி. பக்கத்தில் உட்கார்ந்து, எதற்கு எத்தனை நிமிடம் போகிறது என்று குறித்தேன்.

முடித்தது இரண்டரைக் கேள்வி. எழுதியதெல்லாம் அநேகமாகச் சரி! பிறகு நேரம் எங்கே போனது? மார்ஜின் கோடு. தலைப்புக்கு அடிக்கோடு. கேள்வியை அட்டவணையோடு அப்படியே பார்த்து எழுதியது... அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல்.

"ஏன் நங்கி, கேள்விதான் பேப்பர் திருத்துறவங்ககிட்டயே இருக்கே?"

"கேள்விய எழுதாட்டி எங்க ஸ்கூல்ல படிப்பிச்ச சேர் கொப்பியத் தூக்கி வீசுவாருங்க அக்கா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் வருஷம் நானும் அப்படித்தான் எழுதினேன். எங்கள் குடும்பத்தில் முதலில் கேம்பஸ் வரை படித்தவள் நான் — பெருமையாகவே சொல்கிறேன். ஆனால் 'அது தேவையில்லை பிள்ளை' என்று சொல்ல, முன்னால் போன ஆள் ஒருவரும் இல்லையே!

அவள் கோடு போடும் அடிமட்டத்தைப் பறிமுதல் செய்தேன்.

அடுத்த பழைய வினாத்தாளில் நாலு கேள்வி முடித்தாள். ஆனால் கூட்டலில் அவசரப் பிழை. கடைசிப் பத்து நிமிடம் சரிபார்க்க மட்டும் என்று வைத்தோம். அதற்கடுத்த தடவை ஐந்தும்!

"பேப்பரப் பார்க்கவே அசிங்கமா இருக்கு அக்கா" என்று முனகினாள்.

பரீட்சையையும் அப்படியே எழுதினாள். ரிசல்ட் வந்த புதன்கிழமை கேன்டீனுக்குள் ஓடி வந்து என் தோளை உலுக்கினாள். "பாஸ் அக்கா, பாஸ்!" என் கோப்பைப் பிளேன்டி பாதி மேசையில் சிந்தியது. அப்பாவுக்குப் போன் பண்ணினாள், அழுதாள், சிரித்தாள்... பிறகு கையை நீட்டினாள்.

"இப்பவாவது என் அடிமட்டத்தக் குடுங்க!"

கொடுக்கவில்லை. இன்னும் ஒரு வருஷப் பரீட்சை பாக்கி இருக்கிறதே!