ஸ்பிரிங் பிடித்துக்கொண்ட குரல்

போன வாரம் எங்கள் வீட்டுக்குள் இடி இடித்தது.

மிகைப்படுத்தவில்லை. கூடத்தைப் பெருக்குவதற்காக ஆம்பிளிஃபயரைக் கொஞ்சம் நகர்த்தினேன். சுவிட்சை அணைக்க மறந்துவிட்டேன். பெட்டி தரையில் லேசாகத் தட்டியது... அவ்வளவுதான், வானம் பிளந்த மாதிரி ஒரு முழக்கம். எதிர்வீட்டு அம்மா மாடிக்கு ஓடிப்போய்க் காயப்போட்ட துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். வெளியே சுளீரென்று வெயில்.

இடி எங்கிருந்து வந்தது? பெட்டிக்குள் படுத்திருக்கும் இரண்டு ஸ்பிரிங்கில் இருந்து. அவை அங்கே எப்படிப் போயின என்பதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் — முதுநகரில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் நான். படிப்பு எட்டாவதோடு சரி. தினமும் திருநீறு பூசிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கிடார் வாசிப்பேன். பதிகத்துக்குக் கிடாரா என்று சிலர் கேட்பார்கள். நடராஜர் கையிலும் ஒரு வாத்தியம் இருக்கிறதே... அவர் ஆட்சேபித்த மாதிரி தெரியவில்லை.

அந்தக் கிடாருக்காக நானே ஒரு வால்வ் ஆம்பிளிஃபயர் செய்திருந்தேன். பழைய ரேடியோவின் முதுகுப் பக்கம் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழல்கள் சிவந்து எரியுமே, அவைதான் வால்வ். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு இதையும் போட்டால், கூடத்தில் இன்னும் நாலைந்து அகல் ஏற்றிய மாதிரி இருக்கும். துறைமுகப் பக்கத்துக் காற்று ஜன்னல் வழியே வரும். நான் வாசிப்பேன். என் மனைவி சிவகாமி பாடுவாள்.

அதாவது, பாடிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன். ஆண்டவன் புண்ணியத்தில் உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் குரல் நூலாக மெலிந்துவிட்டது. அடியின் கடைசியில் இழுத்து நிறுத்த வேண்டிய இடத்தில் மூச்சு தீர்ந்துபோகும். பாட்டு பட்டென்று அறுந்து விழும். அவள் பிறந்த ஊர் சிதம்பரம். திங்கட்கிழமை தவறாமல் ரயிலேறிப் போய், அங்கே ஒரு சிவன் கோயில் மண்டபத்தில் பெண்கள் குழுவோடு பதிகம் பாடிவிட்டு வருவாள். அதை நிறுத்தினாள். பிறகு வீட்டிலும் நிறுத்தினாள். குழுவில் இருந்து போன் வந்தால், வேலை இருக்கிறது என்பாள். எனக்குத் தெரியாமல் என்ன வேலை?

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. ஒயரும் சால்டரிங்கும்தான் வரும். கிடார் ஆம்பிளிஃபயரிலேயே அவளுக்கு ஒரு தனி சேனல் வைத்து, மைக்கையும் கிடாரையும் கலந்துவிட்டால் என்ன? மெல்லப் பாடினாலும் கேட்குமே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை. சிவகாமியின் தம்பி சிதம்பரத்தில் இருந்து வந்திருந்தான். மச்சானுக்கு வாய் ஓயாது. அவள் பாடவில்லை, எங்கள் தொல்லைக்காக மைக்கில் ஹலோ, ஹலோ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரல் எடுப்பாகக் கேட்கட்டும் என்று என் கிடார் வால்யூமைக் குறைத்தேன். அவள் குரலும் கூடவே இறங்கியது. முழுக்கக் குறைத்தேன். அவள் குரலும் போயே போய்விட்டது.

"மாமா, நீங்க அடங்குனா அக்காவும் அடங்கிடுது. இந்தப் பொட்டிக்கு ஊர்ல செம கிராக்கி இருக்கும்" என்றான் மச்சான்.

"யாரு அடங்குறதுன்னு ஒங்க மாமாவையே கேளுடா" என்றாள் சிவகாமி.

தப்பு என்னுடையதுதான். இரண்டு வால்யூமில் இருந்தும் வரும் ஒயரை நேரே முறுக்கி ஒன்றாக்கியிருந்தேன். ஒன்றை மூடினால் மற்றதின் சத்தமும் அதே வழியில் வடிந்துபோகிறது. இரண்டு ஒயரும் சேரும் இடத்துக்கு முன்னால் ஆளுக்கொரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை, போட்டேன். சரியாகிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து ஒலிக்க வேண்டுமென்றால் நடுவில் கொஞ்சம் தடையும் வேண்டும் — இதை இத்தனை காலம் குடும்பம் நடத்திவிட்டு ஒரு ரெசிஸ்டரிடம் தெரிந்துகொண்டேன்.

மச்சான் போன பிறகு அவள் ஒரே ஓர் அடி பாடிப் பார்த்தாள். குரல் பளிச்சென்று வந்தது. அதுதான் வம்பு. மைக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"நல்லாத்தாங்க இருக்குது. அறுந்து போறது இன்னும் நல்லா கேக்குது."



எங்கள் தொழிலில் எல்லாக் குரலுக்கும் ஒரே மருந்து, எக்கோ. கடையில் இருந்ததைக் கொண்டுவந்து மாட்டினேன். கட்சி மீட்டிங் மாதிரி இருக்கிறது என்றாள். உண்மைதான். ஒரு தடவை சிவ என்றால் நாலு தடவை கேட்கிறது. புண்ணியம் ஜாஸ்தி, பாட்டுதான் இல்லை.

அப்புறம்தான் அந்த ஸ்பிரிங்கைத் தருவித்தேன். ரிவெர்ப் என்பார்கள். நீளமான தகரத் தட்டு, உள்ளே இரண்டு ஸ்பிரிங். சத்தம் ஒரு முனையில் ஏறி, ஸ்பிரிங்கை நடுங்க வைத்து, மறுமுனையில் மெத்தென்று இறங்கும். எக்கோ போலச் சொல் திரும்பி வராது. கோயில் மணி ஓய்ந்த பிறகும் காதில் நிற்குமே, அந்த மாதிரி நிற்கும். ஸ்பிரிங்கை ஆட்ட ஒரு வால்வ், ஆடியதை வாங்கிப் பெரிதாக்க ஒரு வால்வ். முதலில் கலந்த சத்தம் மொத்தத்தையும் அதற்குள் அனுப்பினேன். கிடாரும் குரலும் மூடுபனியில் வழி தவறிவிட்டன. பிறகு கழற்றி, அவள் சேனலுக்கு மட்டும் வைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரம். நான் மெல்ல வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் சமையல்கட்டில் இருந்து வந்து உட்கார்ந்து, சும்மா மைக்கை எடுத்தாள்.

ஓர் அடி பாடினாள். கடைசியில் மூச்சு தீர்ந்தது. நிறுத்தினாள்.

குரல் நிற்கவில்லை. கூடத்தில் இன்னும் கொஞ்ச தூரம் தானே நடந்து போனது. அது கரைந்து முடிவதற்குள் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த அடியை எடுத்துவிட்டாள். நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் நின்றுவிடுவாளோ என்று பயம். தலையைக் குனிந்தபடியே பதிகம் முழுவதும் வாசித்தேன்... அவளும் முழுவதும் பாடினாள்.

முடித்துவிட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் உட்ட எடத்துல அது புடிச்சிக்குதுங்க."

தில்லையில் ஆண்டவன் ஆகாசமாக இருக்கிறான் என்பார்கள். ஒன்றும் இல்லாத வெளியைக் கும்பிடுவானேன் என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை. நாம் விட்டுவிடுவதைப் பிடித்துக்கொள்ள ஒரு வெளி வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும்.

இந்தத் திங்கட்கிழமை அவள் தலையில் பூ வைத்துக்கொண்டு நின்றாள். சிதம்பரத்துக்காம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒயரைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கப் போனேன். டிரான்ஸ்பார்மர் கனத்தில் இடுப்பு முறுக்கியது. ஆட்டோவுக்குச் சொல்லவா என்று கேட்டேன்.

"அத்த எதுக்குத் தூக்குறீங்க? அங்க கல்லு மண்டபங்க. அது புடிச்சிக்கும்."

போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் நான் மட்டும் வாசித்தேன். பாட்டே இல்லாத கிடார் இத்தனை இனிக்குமா என்ன?