கழித்துப் போட்ட ஏழு வாஷர்கள்

பெங்களூர் அடுகோடியில் மாமாவின் தொழிற்சாலையைக் காப்பாற்றியவள் நான்தான் என்று எனக்குக் கல்யாணமாகும் வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தொழிற்சாலை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தகர ஷெட், இரண்டு பிரஸ் மெஷின், மூன்று ஆட்கள். வண்டிகளின் போல்ட்டுக்கு அடியில் போடும் வட்டத் தகடான வாஷர் அடிப்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், புதுப்புது கார்கள் ஓசூர் ரோட்டில் ஓடத் தொடங்கிய சமயம். ஒரு பெரிய கம்பெனி அதிகாரி ஷெட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. ஆர்டர் கிடைத்தால் மூன்றாவது மெஷின். இல்லாவிட்டால் இருக்கும் ஆட்களில் இருவரை அனுப்பிவிட வேண்டியதுதான் என்று மாமா புலம்பியது என் காதில் விழுந்தது.

அவர் வரவிருந்த அன்றும் அத்தை வழக்கம்போல் வாஷர்களை முறத்தில் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் விரலால் தடவித் தடவி, ஓரத்தில் கூரான பிசிறு இருந்தவற்றைக் கழிவு டப்பாவில் எறிந்துகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஒரு நாளாவது சும்மா இரேன்டி. எல்லாத்தையும் நீயே கழிச்சுட்டா அந்தாளுக்கு என்னத்தக் காட்டுறது?"

"கையக் கிழிக்கிறதக் காட்டப் போறீங்களா?"

எனக்கு மாமா பக்கம்தான் நியாயம் தெரிந்தது. அத்தை காபி போடப் போன நேரத்தில், டப்பாவிலிருந்து ஏழு வாஷர்களை எடுத்து, பாவாடையில் துடைத்து, நல்ல தட்டில் கலந்துவிட்டேன்.

அதிகாரி வந்தார். தட்டில் கைவிட்டு ஒன்றை எடுத்தார். என் ராசி, அது அந்த ஏழில் ஒன்று.

"ஏனம்மா, இது பாஸா?"

அத்தை வாங்கித் தடவினாள். "இது நான் கழிச்சது சார். எப்பிடி உள்ள வந்துச்சுன்னு தெரியல." தட்டை அப்படியே முறத்தில் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டாள். காபி ஆறியது. மாமாவுக்கு வியர்த்தது. இன்னும் ஆறு வெளியே வந்தன.

"அவ்ளோதான் சார். மிச்சமெல்லாம் சுத்தம்."

"எப்படி நம்புறது?"

என்னால் அடக்க முடியவில்லை. "கரெக்டு சார்! நான் ஏழுதான் போட்டேன்!"

மெஷின்கூட நின்றுவிட்டது. என் காதைத் திருக வந்த மாமாவின் கை, அதிகாரி சிரித்த சிரிப்பில் பாதியிலேயே நின்றது.

ஆர்டர் வந்தது. மூன்றாவது மெஷின் வந்தது. அந்தத் தெருப் பெண்கள் ஆறு பேர் ஆளுக்கொரு முறத்தோடு அத்தையைச் சுற்றி வேலைக்கு உட்கார்ந்தார்கள். 'ஒரு உண்மை சொன்னால் ஒன்பது பேருக்கு வேலை' என்று பள்ளிப் பேச்சுப் போட்டியில் முழங்கி, ஆறுதல் பரிசும் வாங்கினேன்.

அத்தை முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். தட்டிய அந்த விரல்களுக்குத்தான் ஆர்டர் வந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் தட்டியிருக்கிறாள்.