மட்டமான கண்ணாடி

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக் கடைத்தெருவுக்கு நடந்துதான் போக வேண்டும். அந்தத் தீபாவளிக்குத் துணியோடு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் வாங்கித் தருவதாக அப்பா அம்மாவிடம் சொல்லியிருந்தார். அதுவரை அம்மா தண்ணீர்க் குடத்துக்குள் எட்டிப் பார்த்துத்தான் பொட்டு வைத்துக்கொள்வாள்.

கடைக்கார முஸ்லிம் நானா இரண்டு கண்ணாடிகளை எடுத்து வைத்தார். ஒன்று கனமான சீமைக் கண்ணாடி. மற்றது தகரச் சட்டம் போட்ட மலிவுச் சரக்கு. அப்பாவின் கை தகரத்துக்கே போனது.

"அது மட்டம். ஒங்க தோட்டத்து மழைக்குத் தாங்காது. இதக் கொண்டு போங்க," என்றார் நானா.

"மூஞ்சி தெரிஞ்சாப் போதுங்க. எங்களப் பொண்ணு பாக்கவா வரப்போறாங்க?" என்று சிரித்தார் அப்பா.

லயத்து வரிசை வீடுகளில் எங்கள் காம்பராச் சுவரில் மாட்டியபோதே அதன் லட்சணம் தெரிந்துவிட்டது. யார் பார்த்தாலும் முகம் நெளிந்து மஞ்சளாகத் தெரிந்தது. என் முகம் எனக்கே தண்ணீருக்கடியில் கிடப்பவளின் முகம் போல இருந்தது. மழை பிடித்ததும் ரசம் உரிந்து கரும்புள்ளிகள் விழுந்தன.

அம்மாவின் முகம்தான் எல்லாரையும்விட மோசம். உதடு எது, கன்னம் எது என்று பிரிக்க முடியாதபடி ஒரே வெளிறல். அவள் தலை வாரும்போது பின்னால் நின்று பார்ப்பேன். உள்ளே இருப்பது அம்மா இல்லை, வேறு யாரோ என்று தோன்றும். ஒருநாள் அந்தப் பெண் என்னையே பார்ப்பது போலிருந்தது. அதற்குப் பிறகு கண்ணாடியைக் கந்தல் துணியால் மூடி வைக்கத் தொடங்கினேன்.

"பாருங்க, பொணம் மாதிரி காட்டுது," என்பாள் அம்மா.

"கண்ணாடி மட்டம்டி. அதுக்கு நீ என்ன பண்ணுவ?" என்பார் அப்பா.

விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், இருட்டியபின் திரும்பி, குப்பி விளக்கின் புகையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்ட குடும்பம் நாங்கள். அம்மா மேடேறும்போது நின்று நின்று மூச்சு வாங்கினாள். சுவர் மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். "ஏன்டி இப்படி வெளுத்துப் போயிட்ட?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, "ஒன் கண்ணும் எங்க வீட்டுக் கண்ணாடி மாதிரி மட்டம்தான்," என்று சிரித்தாள்.

பொங்கலுக்கு முன்பே கண்ணாடியில் முகம் பார்க்க இடமில்லாமல் போனது. அப்பா அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் திரும்பவும் பதுளைக்கு நடந்தார். அன்று வேண்டாமென்ற சீமைக் கண்ணாடியையே வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல் வெயிலில், வாசலில் வைத்துப் பார்த்தோம். அப்பாவின் முகம் கறுப்பாக, அழகாக இருந்தது. என் கன்னத்துத் தழும்புகூடத் தெரிந்தது. பிறகு அம்மா குனிந்தாள். நெளிவில்லை, புள்ளியில்லை. ஆனால் அதே மஞ்சள். பழைய கண்ணாடிக்குள் இருந்த பெண் அப்படியே இதற்குள்ளும் வந்து நின்றாள்.

"அப்பா, இதுவும் மட்டம்! அம்மாவ மஞ்சளாத்தான் காட்டுது!" என்று கத்தினேன்.

அம்மா கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டாள். அப்பா கண்ணாடியைப் பார்க்கவில்லை. வெயிலில் அவள் முகத்தையே, அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"ஆமா தாயி," என்றார், என் பக்கம் திரும்பாமல். "இதுவும் மட்டம்தான். நானா ஏமாத்திட்டாரு."

மறுநாள் அப்பாவும் மாமாவும் அம்மாவைக் கம்பளியில் தூளி கட்டி, பதுளை ஆஸ்பத்திரிக்குச் சுமந்து போனார்கள். அவள் திரும்பி வரவேயில்லை. அன்றைக்கு அது தெரியாத நான், லயத்தில் வாசல் வாசலாகப் போய், அப்பாவை அந்த நானா ரெண்டாவது தடவையும் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர்கூட நானாவைத் திட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் என்னைப் பிடித்து உட்காரவைத்து, கேட்காமலே தலை வாரிவிட்டாள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.