எந்த நாடுங்க?

நாட்டுக்கவுண்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது என் கையில் பாயசக் கரண்டி இருந்தது. மாரியம்மன் கோயில் விருந்து. எங்கள் வீட்டு வாடகை அறையில் தங்கியிருந்த வெளிநாட்டு விருந்தாளியைப் பந்தியில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "நீங்க எந்த நாடுங்க சாமி?" என்றார். கொல்லிமலையில் அது யாரிடமும் கேட்கிற கேள்விதான். இங்கே சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; அதன் தலைவர்தான் நாட்டுக்கவுண்டர். நானே திருப்புலி நாட்டில் பிறந்து அரியூர் நாட்டுக்கு வாழ வந்தவள். கீழே நாமக்கல்லில் இதைச் சொன்னால், விசா எடுத்தாயா என்று சிரிப்பார்கள்.

விருந்தாளி ஹவாய்த் தீவுக்காரர். அங்கே சேப்பங்கிழங்கு பயிரிடுகிறவர்; எங்கள் மலைக் கிழங்குகளைப் பார்க்க வந்திருந்தார். ஒருகாலத்தில் ஓட்டல் வரவேற்பறையில் நான் கற்ற ஆங்கிலம்தான் இங்கே அவருக்கு வாய். முந்தின நாள் வரப்பில் நடந்தபோது மனம்விட்டுப் பேசினார். அவர்கள் தீவுகள் தனி அரசாக இருந்தனவாம். ராணியை அரியணையிலிருந்து இறக்கிவிட்டார்கள், பிறகு அமெரிக்கா தன்னோடு சேர்த்துக்கொண்டது. மறுபடி தனிநாடாக வேண்டும் என்பது இவர் கட்சி. அமெரிக்காவுக்குள் இருந்தபடியே நம் மக்களுக்கென்று ஓர் ஆட்சியைக் கேட்டு வாங்கலாம் என்பது இவர் தங்கை கட்சி. அதனால் இருவருக்கும் பேச்சே நின்றுவிட்டதாம். "பாஸ்போர்ட்டில் அமெரிக்கா என்றிருக்கிறது. என்னைக் கேட்டால் வேறு சொல்வேன். யாரும் கேட்பதில்லை" என்றார். நாங்கள் நாடு என்று சொல்வதை விளக்கினேன். அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அதனால் பந்தியில் கேள்வி அவருக்கே புரிந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து "ஹவாய்" என்றார். கவுண்டர் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் "அமெரிக்காங்க" என்றேன்.

சுருக்கமாக இருக்கட்டும் என்று சொன்னதாகப் பிறகு என் வீட்டுக்காரரிடம் சமாளித்தேன். பொய். அமெரிக்காக்காரர் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று ஊர் பேச வேண்டுமென்ற அல்ப ஆசை. பந்தி முழுக்க "அமெரிக்கா, அமெரிக்கா" என்றது. அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. விருந்தாளி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்து சாப்பிட்டார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

கிளம்பும் நாளில், ஜீப்பில் ஏறுமுன், விருந்தாளி கவுண்டரின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே "என் நாடு ஹவாய்" என்றார். கவுண்டருக்கு ஒரே சந்தோஷம். "அடடே, தமிழ் பேசறாருங்களே! அமெரிக்காவுல அது எந்தப் பக்கம்னு கேளு கண்ணு" என்றார் என்னிடம். என்ன சொல்கிறார் என்று விருந்தாளியும் ஆவலாகக் கேட்டார். உண்மையைச் சொன்னால் பந்தியில் நான் சொன்னதையும் சொல்ல வேண்டிவரும். "உங்கள் நாடு நன்றாக இருக்கட்டும் என்கிறார்" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. கவுண்டரைக் கட்டிக்கொண்டார்.

இப்போதும் வழியில் பார்த்தால் கவுண்டர், "அந்த அமெரிக்காக்காரர் சௌக்கியமா கண்ணு?" என்று விசாரிக்கிறார். போன வாரம் ஹவாய்க்காரரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. தங்கையோடு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாராம். இந்தியாவில் ஒரு நாட்டின் தலைவர் நம் நாட்டை ஒப்புக்கொண்டார் என்பதுதான் அவளிடம் முதலில் சொன்ன சேதியாம். கவுண்டர் வீடு எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான். உண்மையைச் சொல்ல நான் இன்னும் போகவில்லை.